தம்பானூர் இந்தியன் காப்பி ஹவுஸ்: பரிமாறுகிறவரே உடைமையாளராக இருக்கும் உணவகம்

நாகர்கோவிலிலிருந்து காலைப் பயணிகள் வண்டியில் ஏறித் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்லர். எக்ஸ்ரே உறையும் மருத்துவக் கோப்பும் தண்ணீர்ப் புட்டியுமாக மருத்துவக் கல்லூரிக்கோ மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ செல்கிற குமரி மாவட்டத்துக்காரர்களே அதிகம். என் அக்காளின் சிகிச்சைக்காக நானும் ஓராண்டுக்கு மேல் அப்படிப் போய் வந்தேன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டிச் செந்நிறத்தில் ஒரு சுருள் கோபுரம் தெரியும். அதுதான் இந்தியன் காப்பி ஹவுஸ். மருத்துவமனைக்குப் போகும் முன் அங்கே உட்கார்ந்து காப்பி குடிப்பது எங்களுக்கு ஒரு நியமமாகவே ஆகிவிட்டது. அந்த உணவகத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் தோசையையும் கட்லட்டையும் மட்டும் எழுதி நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் எழுதியவனாவேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், தொழிலாளி தன் வேலையிடத்தில் எந்த அளவுக்குப் பேச முடியும் என்ற கேள்வியோடுதான் இன்றும் எந்தக் கடைக்குள்ளும் நுழைகிறேன். அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டடம் சொல்லும் பதில், நான் வேறெந்த உணவகத்திலும் கேட்டறியாத ஒன்று.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தைத் தன் ஊராக்கிக்கொண்ட கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது இது. உள்ளே மாடிப்படி என்று ஒன்று கிடையாது. தரையே சாய்ந்து, சுழன்று, மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் கட்டுமானத்தோடு கட்டுமானமாக, ஒன்றைவிட ஒன்று சற்று உயரத்தில் அமைந்திருக்கின்றன. சுவர் முழுவதும் செங்கல் இடைவெளிகள். அவற்றின் வழியே காலை வெயில் சிறு சிறு கட்டங்களாக மேசையின் மேல் விழும். குளிரூட்டி இல்லாமலே காற்று வந்துபோகும். பேருந்து நிலையத்தின் இரைச்சல் உள்ளே வரத்தான் செய்கிறது என்றாலும், இரண்டாவது சுற்றைத் தாண்டி மேலே போய்விட்டால் அது தணிந்து, கரண்டிச் சத்தமும் பேச்சுச் சத்தமும் மட்டுமே மிஞ்சும். வசதி என்ற கணக்கில் பார்த்தால் இருக்கைகள் குறுகலானவை. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் இந்தச் சரிவு ஏற்றதல்ல. நோயாளியோடு வருகிறவர்கள் கீழ்ச் சுற்றிலேயே அமர்ந்துகொள்வது நல்லது.

சாப்பிட வருகிறவருக்கு இந்தச் சரிவு ஒருமுறை ஏறி இறங்கும் வேடிக்கை. பரிமாறுகிறவருக்கு அது ஒரு நாளின் உழைப்பு. முன்கையில் மூன்று தட்டுகளை அடுக்கி, மறுகையில் காப்பிக் கோப்பைகளோடு, பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்து ஏறும் ஒரு சர்வரை நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். நிறைந்த கோப்பையோடு சமதளத்தில் நடப்பதே எளிதல்ல. அவருடைய சாசரில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை. அந்தக் கால் வைக்கும் முறையை யாரும் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. இங்கே பல ஆண்டுகள் வேலை செய்த ஒருவர், புதிதாக வந்த இன்னொருவருக்குக் காட்டிக்கொடுத்துத்தான் அது வந்திருக்க வேண்டும்.

இனி உணவு. காப்பி வெள்ளைப் பீங்கான் கோப்பையில் வரும். கும்பகோணம் டிகிரி காப்பியின் அடர்த்தியை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது சற்று இலேசாகத் தோன்றலாம். கசப்பு மென்மையானது, பால் மேலோங்காது, இரண்டாவது கோப்பை கேட்கத் தோன்றும் வகையைச் சேர்ந்தது. மசால் தோசைதான் தமிழ்நாட்டுக் கண்ணுக்கு வியப்பைத் தரும். நம் ஊர் மஞ்சள் உருளைக்கிழங்கு மசாலுக்குப் பதிலாக, பீட்ரூட் சேர்ந்த செந்நிற மசால் உள்ளே இருக்கும். அதில் இலேசான இனிப்பு உண்டு. பீட்ரூட்டின் மண்வாசனை பிடிக்காதவர்கள் சாதா தோசையோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது கட்லட். நீள்வட்டமாகத் தட்டி, ரொட்டித்தூள் பூசி, மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே குழைவாகவும் வறுத்தெடுத்தது. முள்கரண்டியால் பிளந்தால் அதே செந்நிறம். தக்காளி சாஸோடு சூடாகச் சாப்பிட வேண்டும். ஆறிவிட்டால் அதன் சிறப்பில் பாதி போய்விடும். முட்டை ஆம்லெட்டும் ரொட்டியும் எளிமையானவை, நம்பிச் சாப்பிடத்தக்கவை. பிரியாணியைத் தேடி யாரும் இங்கே வர வேண்டியதில்லை என்பது என் கருத்து. விலை, பேருந்துக்குக் காத்திருக்கும் கூலித்தொழிலாளியும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய விலை. அது தற்செயலாக அமைந்ததன்று. இந்த உணவகம் பிறந்த கதையோடு தொடர்புடையது.

அந்தக் கதை 1936இல் மும்பையின் சர்ச்கேட்டில் தொடங்குகிறது. இந்தியக் காப்பிக்கு உள்நாட்டிலேயே சந்தை உண்டாக்க வேண்டும் என்று, காப்பி வளர்ச்சிக்காக அன்றைய அரசு அமைத்திருந்த குழு அங்கே முதல் இந்தியா காப்பி ஹவுஸைத் திறந்தது. பின்னர் காப்பி வாரியத்தின் கீழ் நாடெங்கும் கிளைகள் பரவின. விடுதலைக்குப் பிறகு, 1950களின் நடுவில், இந்தக் கடைகளை மூடிவிடுவதென்று வாரியம் முடிவெடுத்தது. வேலை இழந்தவர்கள் சமையல்காரர்களும் சர்வர்களும் மேசை துடைப்பவர்களும்தான். ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு தொழிற்சங்கம் இருந்தது. அப்போது நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் தலைவராக இருந்த ஏ.கே.கோபாலன் அவர்களுக்குத் துணையாக நின்றார். 1950ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தடுப்புக்காவல் வழக்கில் சென்னை மாநிலத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் இவரே என்பது சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். மூடப்படும் கடைகளுக்கு நட்டஈடு கேட்டு ஒதுங்குவதற்குப் பதிலாக, கடைகளையே தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஏற்று நடத்தலாம் என்ற வழி அப்படித்தான் உருவாயிற்று.

1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று டெல்லியில், ‘இந்தியா’ என்ற சொல் ‘இந்தியன்’ என்று மாறிய புதிய பெயர்ப்பலகையோடு முதல் கடை திறக்கப்பட்டது. 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. அந்தத் திருச்சூர் முயற்சியை முன்னின்று நடத்தியவர் பரமேஸ்வரன் பிள்ளை என்னும் காப்பி ஹவுஸ் தொழிலாளி. இன்று கேரளத்தில் திருச்சூரையும் கண்ணூரையும் தலைமையிடமாகக் கொண்டு இரண்டு சங்கங்கள் இயங்குகின்றன. தம்பானூர்க் கடை திருச்சூர்ச் சங்கத்தைச் சேர்ந்தது. நம் பக்கத்தில் புதுச்சேரி நேரு வீதியில் இருக்கும் கடையும் இதே இயக்கத்தின் கிளைதான்.

சர்வர்களின் உடையைப் பற்றி இங்கே ஒரு சொல். கஞ்சி போட்டு விறைத்த, விசிறி விரித்தாற்போல் நிற்கும் தலைப்பாகை, வெள்ளைச் சட்டை, இடுப்பில் அகலமான பட்டை. ஆங்கிலேயர் காலத்தில் எஜமானர்களுக்கு முன் நிற்கும் பணியாளுக்காகத் தைக்கப்பட்ட உடையின் தொடர்ச்சி இது. கடை தங்கள் கைக்கு வந்த பிறகு தொழிலாளர்கள் இதைத் தூக்கி எறிந்திருக்கலாம், எறியவில்லை. முன்பு அடிமைத்தனத்தின் அடையாளமாக இருந்த அதே தலைப்பாகை, இப்போது சங்க உறுப்பினரின் தலையில் இருக்கிறது. அதை அணிந்தவரின் நடையில் அந்த வேறுபாடு தெரிகிறது. குனிந்து சிரிப்பதில்லை. மேசைக்கருகே நின்று, இன்னும் எதையாவது வாங்கச் சொல்லி வற்புறுத்துவதுமில்லை. கேட்டதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாம் பேசிக்கொண்டிருந்தால் பேச விட்டுவிடுகிறார்கள். இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிற வாடிக்கையாளர்களும் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். சிகிச்சையின் நடுவில் அக்காளுக்கு வாயெல்லாம் புண்ணாகி இருந்தது. தோசையைப் பிய்த்து வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். எங்களுக்குப் பரிமாறியவர் ஐம்பது வயதைக் கடந்தவர். பலமுறை பார்த்துப் பழகிய முகம். மேசையருகே வந்து, தட்டைப் பார்த்தார். “சேச்சிக்கு எரிவு (காரம்) ஆகாது, இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனவர், ஓரம் வெட்டிய ரொட்டித் துண்டுகளையும் ஆற்றிய பாலையும் கொண்டுவந்து வைத்தார். இதைச் செய்வதற்கு அவர் மேலாளரிடம் போய் நிற்கவில்லை. கல்லாவைப் பார்த்து அனுமதி வாங்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனார், சொன்னார், எடுத்துவந்தார். “வளர நன்னி, சேட்டா” என்று அக்காள் சொன்னபோது தலையை மட்டும் அசைத்தார். பட்டியலில் இல்லாத ஒன்றை யாரையும் கேட்காமல் தன் பொறுப்பில் செய்யும் சர்வரை, நட்சத்திர விடுதிகளில்கூட நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்பு எங்கும் இருக்கும். அந்த அன்பைச் செயலாக்கும் அதிகாரம் கீழ்மட்ட ஊழியரிடம் இருக்கும் இடங்கள்தாம் மிகக் குறைவு.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? இங்கே வேலைக்குச் சேருகிறவர் பெரும்பாலும் துடைப்பது, கழுவுவது போன்ற அடிநிலை வேலையிலிருந்துதான் தொடங்குகிறார். பின்னர் சர்வராகவும் சமையல்காரராகவும் மேற்பார்வையாளராகவும் உயர்கிறார். சங்கத்தில் உறுப்பினரானவருக்குக் கூட்டுறவு நெறிப்படி ஒரு வாக்கு. கல்லாவில் இருப்பவருக்கும் ஒன்று, கல்லில் தோசை வார்ப்பவருக்கும் ஒன்று. இயக்குநர் குழு தேர்தலில் அமைகிறது. கூலியும் போனஸும் பணிமூப்பும் எங்கோ ஒரு மாடியில் முடிவாகி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் செய்திகளாக இல்லாமல், பொதுப்பேரவையில் எழுந்து நின்று கேட்கக்கூடிய கேள்விகளாக இருக்கின்றன. தொழிற்சங்க அரசியலின் போட்டிகள் இந்தத் தேர்தல்களுக்குள்ளும் புகும். அதை ஒரு குறை என்று நான் எண்ணவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குரல் இருக்கிற இடத்தில்தான் போட்டி இருக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், என் சொந்தப் பணி வாழ்க்கை. சென்னைக்கு மேற்கே ஒரு தொழிற்பேட்டையில் இருந்த உதிரிபாகத் தொழிற்சாலையில், வருகைப்பதிவு இயந்திரத்தின் அருகே ஓர் ஆலோசனைப் பெட்டி தொங்கிற்று. அதன் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. மாதம் ஒருமுறை திறப்பேன். சாம்பாரில் உப்பு, இரவுப் பணிப் பேருந்து வரும் நேரம், கையுறை தட்டுப்பாடு என்று சீட்டுகள் இருக்கும். ஒரு முறை, வர்ணம் பூசும் பிரிவில் புகையை வெளியேற்றும் விசிறி ஓடவில்லை என்று ஒரு சீட்டு. அடுத்த மாதம் அதே கையெழுத்தில் அதே செய்தி. மூன்றாம் மாதம் அதே கையெழுத்து, இம்முறை பேனாவை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருந்தது. மூன்று முறையும் நான் அதை உரிய துறைக்கு அனுப்பினேன். மூன்று முறையும் பதில் வரவில்லை. பதில் வரவில்லையே என்று கேட்க எனக்கும் துணிவு இல்லை. பின்னர் தொழிற்சங்கம் அதே செய்தியை ஒர்க்ஸ் கமிட்டிக் கூட்டத்தில் வைத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்பைவிடக் குறையாமல், இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவதற்கென்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஏற்படுத்திக்கொடுத்த குழு அது. நடவடிக்கைக் குறிப்பில் விசிறி ஒரு பொருளாகப் பதிவாயிற்று. நிர்வாகத் தரப்பில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அடுத்த வாரமே விசிறி ஓடியது. சீட்டில் இருந்த அதே வரிதான் குறிப்பிலும் இருந்தது. பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் மட்டுமே புதிது.

பிற்காலத்தில் அந்தப் பெட்டி போய்க் கைப்பேசிச் செயலி வந்தது. சிரிக்கும் முகம், சுளிக்கும் முகம், ஐந்து நட்சத்திரம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது என்ற உறுதிமொழி. ஆண்டு முடிவில் வண்ண வரைபடத்தோடு ஓர் அறிக்கை. இன்றைய பல அலுவலகங்களில் ‘ஊழியர் குரல்’ என்ற பெயரில் நடப்பது இதுதான். அந்தச் செயலியின் சாவியும் நிர்வாகத்திடமே இருக்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்த விடையை வெளியிடுவது என்பதை ஊழியர் தீர்மானிப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தைத் தொடங்கி முப்பத்தேழு நாட்கள் நின்றபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் முதன்மையானது தங்கள் சங்கத்துக்கான அங்கீகாரம். உறுப்பினர்கள் ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது 1926ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு இருந்துவரும் உரிமை. நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த அந்த உரிமையைப் பயன்படுத்த அவர்கள் தெருவில் அமர வேண்டியிருந்தது. பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது என்பது, அந்தத் துறையில் இருக்கிற பலருக்கு இன்றும் தெரியாது.

உணவுக்கும் சங்கத்துக்கும் உள்ள உறவு நம் ஊரில் பழையது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்கள் அச்சங்கத்தின் தலைவரான பி.பி.வாடியாவிடம் முறையிட்ட முதல் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடப்படும் அரை மணி நேரம் போதவில்லை என்பதுதான். கை கழுவி, சோற்றுப்பாத்திரத்தைத் திறந்து, விழுங்கிவிட்டு ஓட வேண்டும். பெரிய கொள்கைகளுக்கு முன்னால் அந்தச் சில நிமிடங்கள்தாம் அவர்களை ஒன்றுசேர்த்தன. காப்பி ஹவுஸில் உட்கார்ந்து யாரும் எழுப்பிவிடாமல் ஒரு கோப்பையை அரை மணி நேரம் குடிக்க முடிகிறபோதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

ஆனால் கடை தொழிலாளர் கைக்கு வந்துவிட்டால் குரலும் வந்துவிடும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு மூணாறு சாட்சி. டாடா டீ நிறுவனம் அங்கிருந்த தோட்டங்களின் நேரடி நிர்வாகத்திலிருந்து விலகிய பின், 2005இல் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் அமைந்தது. தோட்ட ஊழியர்களே அதன் பெரும்பான்மைப் பங்குதாரர்கள். காகிதத்தில் பார்த்தால் கொழுந்து பறிக்கும் பெண்ணும் உடைமையாளர். 2015 செப்டம்பரில், போனஸ் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிப் பெண்கள் மூணாறு நகரின் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தலைமுறைகளாக அங்கே உழைத்துவரும் தமிழ்ப் பெண்கள். நிறுவனத்தை மட்டும் எதிர்த்து அவர்கள் உட்காரவில்லை. இத்தனை ஆண்டுகளும் தங்கள் பெயரில் பேசிவந்த சங்கத் தலைவர்களையும் போராட்டக் களத்துக்குள் விடவில்லை. பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில், பெம்பிளை ஒருமை என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. ஒன்பது நாளில், போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து இருபது விழுக்காடு கிடைத்தது. பங்குப் பத்திரம் கையில் இருந்தது. சங்க அட்டையும் இருந்தது. ஆனால் முடிவெடுக்கும் அறையில் அவர்களைப் போன்ற ஒருத்தி இல்லை. அந்த இடைவெளியைத்தான் அவர்கள் சாலையில் உட்கார்ந்து காட்டினார்கள்.

காப்பி ஹவுஸின் மீது எனக்குள்ள பெரிய குறையும் இங்கேதான் வந்து நிற்கிறது. தொழிலாளர் உரிமைக்காகப் பிறந்த இந்த அமைப்பு, கேரளத்தில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பெண்களை வேலைக்கு எடுக்காமலே நடந்தது. அண்மைக் காலத்தில்தான் அந்தக் கதவு திறந்தது. இன்னும் பரிமாறும் கூட்டத்தில் பெண்கள் மிகச் சிலரே. ஏ.கே.கோபாலனின் படத்தைச் சுவரில் மாட்டிய ஒரு கூட்டுறவு, நாட்டு மக்களில் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்தியிருந்தது என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அழகான நெறிதான். அந்த ‘ஒருவர்’ யார் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் அதன் நேர்மை இருக்கிறது. உறுப்பினர் அல்லாத தற்காலிகப் பணியாளர்களின் எண்ணிக்கை கூடுகிற எந்தக் கூட்டுறவிலும் இதே கேள்வி எழும். உறுப்பினர் பேரவையில் பேசுவார். தற்காலிகமானவர் கூட்டம் நடக்கும் நாற்காலியைத் துடைத்துவைப்பார்.

இன்னொரு குறை, மாற்றத்தின் வேகம். உணவுப் பட்டியல் பல ஆண்டுகளாக ஏறக்குறைய அதே பட்டியல்தான். எல்லோரும் வாக்களிக்கும் இடத்தில் முடிவுகள் மெல்லத்தான் வரும். தனி முதலாளி ஒரே இரவில் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டுவிடுவார். எனக்கு இந்த மெதுவான போக்கில் பெரிய வருத்தமில்லை. ஆனால் பக்கத்துத் தெருக்களில் குளிரூட்டிய காப்பிக் கடைகள் வந்துகொண்டிருக்கும்போது, இளைஞர்கள் இங்கே தொடர்ந்து வர வேண்டுமானால், காப்பியின் தரத்திலாவது சங்கம் இன்னும் அக்கறை எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல வறுவலும் புதிதாக அரைத்த தூளும் விலையைப் பெரிதாக ஏற்றிவிடாது. காப்பியைப் பரப்புவதற்கென்றே பிறந்த கடையில் கட்லட் காப்பியை முந்திவிடக் கூடாது.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் ரயில் கூட்டம் வந்து நிறையும். அதற்கு முன்போ பின்போ போனால் மேல்சுற்றில் சன்னல் துளைகளை ஒட்டிய மேசை கிடைக்கும். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் அதே மேசையில் எதிரே உட்காருவார்கள். அது இங்கே வழக்கம், முகம் சுளிக்க வேண்டாம். தமிழில் பேசினால் போதும், புரிந்துகொள்வார்கள். காலையில் தோசையும் காப்பியும். மாலையில் கட்லட்டும் காப்பியும். ரயிலுக்குக் கட்டி வாங்க நினைக்கிறவர்கள் கட்லட்டைத் தவிர்த்துவிட்டு ரொட்டி ஆம்லெட்டை வாங்கலாம்.

சென்ற முறை நாங்கள் போனது தொடர் பரிசோதனைக்கு. முடிவு நல்லபடியாக வந்திருந்தது. மதியக் கூட்டம் கலைந்த நேரம். எங்களுக்கு ஒரு மேசை மேலே, பணி முடித்த சர்வர் ஒருவர் தலைப்பாகையைக் கழற்றி, அதன் விசிறி மடங்காதபடி பக்கத்தில் வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர்கள் உட்காரும் அதே இருக்கை. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்கள் போராடியதால்தான் கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் ஊழியர் உட்காருவதற்கென்று சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே அவர் உட்கார்ந்திருந்ததை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு சர்வர் சரிவில் ஏறி வந்து அவருக்கு முன்னால் ஒரு காப்பியை வைத்தார். அதே கையோடு எங்கள் மேசைக்கும் வந்து நின்றார். அக்காள் எனக்கு முன்பே வாயைத் திறந்து, “ஒரு மசால் தோசை, சேட்டா. எரிவு இருந்தாலும் பரவாயில்லை” என்றாள்.